பசை தொடாத பெட்டி

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவிலிருந்து அழைப்பு வந்தபோது, "டொக்டர், சீனி வருத்தம் பற்றி ஏதாவது..." என்றுதான் தொடங்கினார்கள். சீனி வருத்தம் பற்றி நான் கிளினிக்கில் காலை முதல் மாலை வரை கதைக்கிறேன். எமது பழைய மாணவியருக்கு இந்த மலரிலாவது அதிலிருந்து ஒரு நாள் விடுதலை கொடுப்போம் என்று சொல்லி, வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். அது என் மேசையில், இரத்த அழுத்தக் கருவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கடதாசிப் பெட்டி.

மூடிக்கு நான்கு தாள், அடிக்கு நான்கு தாள். எட்டும் தனித்தனியே மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகியவை. பசை இல்லை, நூல் இல்லை, குண்டூசி இல்லை. மூடியின் நடுவில் நான்கு மடிப்புகளும் சந்தித்து ஒரு காற்றாடி போலச் சுழன்று நிற்கும். தாளின் மேல் பூப்போட்ட கோலம். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, உடுப்புக்குப் போடும் நீலத்திலும் எங்கிருந்தோ மிஞ்சிய சிவப்பிலும் தோய்த்துக் குத்திய அச்சு. செய்தவர் எங்கள் சித்திர ரீச்சர். பெயர் சொல்லாமலே எங்கள் காலத்தவர்களுக்கு விளங்கும்.

நாங்கள் ஒன்பதாம் ஆண்டில் படித்தது 1995இல். கடதாசிக்கு இருந்த தட்டுப்பாடு அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம். கொப்பியில் பென்சிலால் எழுதி, அழித்து, பிறகு அதன் மேலே பேனையால் எழுதினோம். பிரிஸ்டல் போட்டும் பசைப் போத்தலும் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அந்தத் தவணையில்தான் ரீச்சர் ஒரு கட்டு பழைய கலண்டர்த் தாளோடு வகுப்புக்கு வந்து, "பிள்ளையள், பசையும் இல்லை, அட்டையும் இல்லை. கை இருக்குத்தானே" என்றார். கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்து வந்ததாகவும், ஜப்பான்காரரின் வேலை என்றும் சொன்னார். அந்த "ஜப்பான்காரரின் வேலை" எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க எனக்கு இருபது வருடத்துக்கு மேலாயிற்று. தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரிகாமி என்றால் ஒரே ஒரு சதுரத் தாள், வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, அதில் ஒரு கொக்கு வரவேண்டும் என்பதுதான் பொதுவான எண்ணம். பல தாள்களைச் சேர்த்துச் செய்யும் பெட்டியும் பந்தும் நேற்று வந்த புதுமை என்று பலர் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு தச்சுப் புத்தகம்.

1734ஆம் ஆண்டில் ஜப்பானில் 'ரன்மா ஸுஷிகி' என்ற நூல் அச்சாகியது. ரன்மா என்பது ஜப்பானிய வீடுகளில் தள்ளுகதவுக்கு மேலே, கூரைக்குக் கீழே வரும் மரப்பலகை. காற்றும் வெளிச்சமும் போய்வர அதைத் துளைத்துச் சித்திரவேலை செய்வார்கள். எங்கள் பழைய நாற்சார் வீடுகளின் கதவுநிலைக்கு மேலே இருக்கும் மரவேலையை நினைத்துக்கொண்டால் போதும். அப்படிப்பட்ட பலகைகளில் செதுக்குவதற்கான மாதிரிகளைத் தொகுத்த நூல் அது. தொகுத்தவர் ஒஓகா என்ற ஓவியர். அதில் ஒரு பக்கத்தில் மடித்த கடதாசி உருவங்கள் சில வரையப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று கனசதுரமான பெட்டி. இரண்டு கோணங்களில் வரைந்து, 'தமதேபாகோ' என்று பெயரும் எழுதியிருக்கிறார்கள். எப்படி மடிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. தச்சனுக்கு அது தேவையும் இல்லையே.

(1734இல் எங்கள் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். அதே ஒல்லாந்தக் கும்பனிக்கு நாகசாக்கியில் தெசிமா என்ற சிறு தீவிலும் ஒரு பண்டசாலை இருந்தது. கறுவாவும் யானையும் கணக்கெழுதிய அதே கும்பனியின் எழுதுவினைஞர்கள் அந்தக் கடதாசி நாட்டிலும் உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஏனோ பிடித்த ஒரு பொருத்தம்.)

அந்தப் பெட்டியின் செய்முறை நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1993இல் யசுவோ கொயனாகி என்பவர் அந்நூற்படத்தில் அதை அடையாளங் கண்டார். ஒரிகாமி வரலாற்றை ஆராய்ந்த மசாவோ ஒகமுரா அதை மீள மடித்துக் காட்டினார். ஆறு சதுரத் தாள்கள். ஒவ்வொரு தாளும் கனசதுரத்தின் ஒரு முகம். மென்கோ என்ற பழைய மடிப்பிலிருந்து வந்த முறை. அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. ஆறு பக்கத்தில் எந்தப் பக்கத்தையும் திறக்கலாம். ஆனால் ஒன்றுக்கு மேல் திறந்தால் முழுவதும் கழன்றுவிடும். திரும்பப் பூட்டுவது இலேசில்லை.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. உரஷிமா தாரோ என்ற மீனவன் ஓர் ஆமையைக் காப்பாற்றுகிறான். அது அவனைக் கடலடியில் நாகராசனின் மாளிகைக்குக் கூட்டிச் செல்கிறது. சில நாள் இருந்துவிட்டு ஊர் திரும்ப விரும்புகிறான். அரசகுமாரி ஒரு பெட்டியைக் கொடுத்து, திறக்கவே வேண்டாம் என்கிறாள். அதுதான் தமதேபாகோ. ஊருக்கு வந்தால் முந்நூறு வருடம் போயிருக்கிறது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. வீடு இருந்த இடத்தில் வீடில்லை. மனம் பொறுக்காமல் பெட்டியைத் திறக்கிறான். புகை கிளம்புகிறது, அவன் கிழவனாகிவிடுகிறான். எங்கள் வகுப்பில் கனடாவிலிருந்து முதன்முறை வந்துபோன ஒருத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "திறந்தவன் பிழையில்லை" என்றாள்.

பெட்டி ஒருபுறம் இருக்க, மருத்துவராகிய எனக்கு இவ்வரலாற்றில் அதிகம் ஆவலூட்டியது 'குஸுதமா'. பல மடிப்புகளைச் சேர்த்துக் கட்டும் கடதாசிப் பந்துக்கு இன்று அந்தப் பெயர். 'குஸுரி' என்றால் மருந்து, 'தமா' என்றால் உருண்டை. ஹெயன் காலத்து அரண்மனையில், ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், நோய் அண்டாதிருக்க மூலிகையும் வாசனைத் திரவியமும் சேர்த்த உருண்டைகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றில் சேர்ந்த மூலிகைகளில் ஒன்று வசம்பு. பிள்ளை பிறந்த வீட்டில் கையில் வசம்பு கட்டும் எங்கள் வழக்கத்தை எந்த அம்மம்மாவிடமும் கேட்கலாம். (கையில் கட்டுவதோடு நிறுத்துங்கள், உரைத்து நாக்கில் தடவாதீர்கள். இந்த ஒரு மருத்துவ ஆலோசனையை மட்டும் மலர்க்குழு பொறுத்தருள வேண்டும்.) காலப்போக்கில் மருந்து போய்ப் பூவும் நூலும் வந்தன. பின்பு கடதாசிப் பூக்களைத் தைத்தும் ஒட்டியும் கட்டினார்கள். இன்று பசையே இல்லாமல் செருகிச் செய்யும் பந்துக்கும் அதே பெயர் நிலைத்திருக்கிறது.

கடதாசி மடிப்பும் மருந்தும் வேறொரு வழியிலும் சேர்ந்தே வந்தவை. தூள் மருந்தை ஒரு சதுரத் தாளில் கொட்டி, சிந்தாதபடி மடித்துக் கொடுப்பது ஜப்பானிய மருந்தகங்களின் நெடுநாள் வழக்கம். எங்கள் ஊர்ப் பரியாரியார் சூரணம் மடித்துத் தந்த பொட்டலத்தையும், பெரியாஸ்பத்திரி மருந்தறையில் குளிசையைச் சுற்றித் தந்த சிறு தாளையும் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. ஒட்டாமல் மூடி நிற்பதற்குரிய தந்திரம் இரண்டிலும் ஒன்றுதான்: கடைசி மூலையை முதல் மடிப்பின் வாய்க்குள் செருகிவிடுவது.

சாமுராய் வீடுகளில் இந்த மடிப்பு ஓர் ஆசாரமாகவே வளர்ந்தது. யாருக்கு, என்ன பொருளை, எந்த வகையில் மடித்துக் கொடுப்பது என்பதற்கு விதிகள் இருந்தன. ஈஸே குடும்பத்தைச் சேர்ந்த சததகே 1764இல் அவற்றை 'ட்சுட்சுமி நோ கி' என்ற நூலாக எழுதிவைத்தார். 1797இல் கியோத்தோவில் வந்த 'ஸென்பஸுரு ஒரிகதா'வோ வேறு வகை. ஒரே தாளைக் கீறி ஒன்றோடொன்று ஒட்டிநிற்கும் பல கொக்குகளை மடிக்கும் விளையாட்டு. இப்படி எழுதப்பட்டவை மிகச் சில. மற்றதெல்லாம் தாயிடமிருந்தும் பேத்தியாரிடமிருந்தும் பிள்ளைகள் கைபார்த்துப் பழகியவை. அதனால்தான் தமதேபாகோவின் படம் இருந்தும் வழி தொலைந்தது.

பின்பு அது பள்ளிக்கூடத்துக்கு வந்த கதையில் எங்களைப் போன்ற பெண்கள் பாடசாலைக்கு ஒரு பங்கு உண்டு. ஜேர்மனியில் ஃபுரோபெல் என்ற கல்வியாளர் 1840இல் தமது சிறுவர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். அவரது முறையில் கடதாசி மடிப்பும் ஒரு பாடம். 1876இல் தோக்கியோ பெண்கள் ஆசிரியர் கல்லூரியோடு சேர்த்து ஜப்பானின் முதல் அரச கிண்டர்கார்ட்டன் திறக்கப்பட்டது. தலைமை ஆசிரியையாக இருந்தவர், ஜப்பானியர் ஒருவரை மணம் முடித்துச் சென்ற கிளாரா என்ற ஜேர்மானியப் பெண்மணி. அங்கே ஃபுரோபெலின் மடிப்பும் வீட்டில் பழகிய மடிப்பும் ஒரே மேசையில் சந்தித்தன. இன்று கடையில் கட்டாக விற்கும் வர்ணச் சதுரத்தாள் சிறுவர் கைக்கு வந்ததும் அந்தப் பள்ளிப் பழக்கத்தோடுதான்.

அதே ஃபுரோபெலின் மடிப்பு எங்கள் பக்கத்துக்கும் வந்தது. சென்னையில் 1893இல் தண்டலம் சுந்தரராவ் என்பவர் கடதாசி மடிப்பால் கேத்திரகணிதம் கற்பிக்கும் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்கான எண்ணம் கிண்டர்கார்ட்டன் மடிப்புப் பொருளிலிருந்து வந்ததென்று அவரே முன்னுரையில் சொல்கிறார். கவராயமும் வேண்டாம், அடிமட்டமும் வேண்டாம். ஒரு சதுரத் தாளை மடித்தே ஐங்கோணமும் அறுகோணமும் எண்கோணமும் எடுக்கலாம் என்று காட்டினார். ஜேர்மனியக் கணித மேதை ஃபீலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தமது விரிவுரையில் எடுத்துக்காட்டினார். 1901இல் சிக்காகோவில் அதன் பதிப்பொன்று வந்தது. எங்கள் கணித ரீச்சர்மார் எவரும் இதைச் சொல்லித்தரவில்லை என்பது எனக்கொரு சிறு மனக்குறை. அறுகோணப் பெட்டி செய்ய 60 பாகைக் கோணத்தைத் தாளிலேயே எடுக்கப் பழகியபோதுதான் அந்தக் கேத்திரகணிதம் எனக்குக் கையில் பட்டது.

ஜப்பானிய ஒரிகாமியை உலகம் முழுவதும் வாசிக்கக்கூடியதாக்கியவர் அகிரா யொஷிஸாவா. 1911இல் பிறந்து 2005இல் மறைந்தவர். உள்மடிப்புக்கு ஒருவகைக் கோடு, வெளிமடிப்புக்கு இன்னொருவகைக் கோடு, திருப்பும் திசைக்கு அம்புக்குறி என்று அவர் ஒரு குறியீட்டு முறையை ஆக்கினார். 1954இல் வந்த அவரது நூலில் அதைக் காணலாம். அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெற் அதைச் சற்றே விரித்து 1961இல் தமது நூலில் பயன்படுத்தினார். இசைக்குச் சுவரம் எழுதுவதுபோல மடிப்புக்கு ஓர் எழுத்து. அதற்குப் பிறகு ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து மடித்தார்கள். 1734இல் அந்த எழுத்து இருந்திருந்தால் கொயனாகிக்கும் ஒகமுராவுக்கும் வேலை இருந்திராது.

பல தாள் மடிப்பின் மறுபிறப்பு 1960களின் இறுதியில். 1968இல் ஒரு ஒரிகாமிக் குழுவினரின் நூலில் மிட்சுநோபு சொனோபே செய்த கனசதுரம் ஒன்று வந்தது. இணைகர வடிவில் ஓர் எளிய மடிப்பு. இரு முனையிலும் நாக்கு, நடுவில் இரண்டு பைகள். ஆறு மடித்தால் கனசதுரம், முப்பது மடித்தால் முள்முள்ளான பெரிய பந்து. இன்று பெரும்பாலும் அவர் பெயரால்தான் அது வழங்குகிறது. ஆக்கியவர் அவரா, அதே குழுவில் இருந்த தோஷியே தகஹாமா என்ற பெண்மணியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முப்பதில் முதல் இருபத்தைந்தும் சுகம். கடைசி ஐந்தைச் செருகும்போது முன்னே செருகியது கழலும். இரவுக் கடமையில் இருந்தபடி அதைச் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பெட்டிக்கு வருவோம். அழகுப் பெட்டியை ஒரு கலையாக்கியவர் தொமோகோ ஃபுசே. 1951இல் நீகாதாவில் பிறந்தவர். சிறுமியாக ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் மடிக்கப் பழகினார். பத்தொன்பது வயதில் தொயோஆகி கவாய் என்ற ஆசானிடம் இரண்டரை வருடம் படித்தார். 1981இலிருந்து 60க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியிருக்கிறார். நாகனோ மலைப்பகுதியில், செதுக்கோவியரான கணவரோடு வாழ்கிறார். மூன்று தாளில் முக்கோணப் பெட்டி, நான்கில் சதுரம், ஆறில் அறுகோணம், எட்டில் எண்கோணம் என்று ஒரே எண்ணத்தை அவர் விரித்துக்கொண்டே போனார். இங்கிலாந்தில் மேற்பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு பழைய புத்தகக் கடையில் அவரது 'ஒரிகாமி பொக்சஸ்' என்ற நூலைக் கண்டேன். புரட்டினால், எங்கள் ரீச்சரின் மூடி! அந்தக் காற்றாடி! கடையில் நின்றபடி ஒன்பதாம் ஆண்டு 'பி' வகுப்புக்குப் போய்வந்தேன்.

அந்தப் பெட்டி எதனால் நிற்கிறது? ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நாக்கும் ஒரு பையும் உண்டு. முதலாவதன் பைக்குள் இரண்டாவதன் நாக்கு, அதன் பைக்குள் மூன்றாவதன் நாக்கு. கடைசி நாக்கு முதலாவதன் பைக்குள் போனதும் வட்டம் பூட்டிக்கொள்ளும். அதுவரை எல்லாம் தளர்ந்து கையில் ஆடிக்கொண்டிருக்கும். பூட்டிய கணத்தில் விறைத்துவிடும். ஒவ்வொன்றும் மற்றதை இழுத்துப் பிடிப்பதால் வரும் உறுதி அது. எங்கள் பனையோலைப் பெட்டியும் இதே நியாயத்தில்தான் நிற்கிறது. மூடுபெட்டியிலும் கொட்டப்பெட்டியிலும் ஓலை ஓலையின் கீழே போய் மேலே வந்து கடைசியில் தன் முதலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சாயம் தோய்த்த ஓலையை எங்கே கொடுத்தால் எந்த இடத்தில் கோலம் விழும் என்பது அந்தப் பெண்களுக்கு மனக்கணக்கு.

கோலத்தாளை மடிப்பதிலும் அதே கணக்குத்தான். ஜப்பானில் இதற்கென்றே 'சியோகாமி' என்ற பூக்கோலத் தாள் இருக்கிறது. எதோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், மரப்பலகை அச்சில் அடித்து வளர்ந்தது. அங்கே 1864இல் தொடங்கிய இசேதாட்சு என்ற கடை இன்றும் அதை விற்கிறது. கியோத்தோவின் யூஸென் வகை, கிமோனோப் பட்டின் கோலத்தைத் தாளுக்குக் கொண்டுவந்தது. கொஸோ என்ற மரத்தின் பட்டை நாரில் கையால் செய்யும் கடதாசி நீள நாருடையது. பலமுறை மடித்தாலும் மடிப்பில் வெடிக்காது. அக்கைக்கடதாசி மரபை யுனெஸ்கோ 2014இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெரிய கோலம் உள்ள தாளில் பெட்டி செய்தால் பூ நடுவில் வெட்டுப்பட்டு, ஒரு மடிப்பில் தலையும் மறு மடிப்பில் காம்புமாக நிற்கும். சிறு கோலம் நல்லது. வரிக்கோலம் இன்னும் நல்லது. காற்றாடியில் வரிகள் நான்கு திசையிலும் சுழலும். எங்களுக்கு வாய்த்த சியோகாமி வெண்டிக்காய்தான்.

சடாகோ சசாகியின் பெயரைச் சொல்லாமல் கடதாசியையும் ஆஸ்பத்திரியையும் பற்றி எழுத முடியாது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955இல் இரத்தப் புற்றுநோயோடு செஞ்சிலுவை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் மடித்தாள். அப்போது அங்கேயும் நல்ல கடதாசி அருமை. மருந்து சுற்றி வந்த தாளை விரித்து அதில் மடித்தாள். ஆயிரத்தை எட்டவில்லை என்று கதைப்புத்தகங்கள் எழுதின. எட்டித் தாண்டினாள் என்பது அவள் வீட்டாரின் சொல். அவ்வருடம் ஒக்டோபர் 25இல் இறந்தபோது வயது பன்னிரண்டு. அவளது வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியால் 1958இல் சிறுவர் நினைவுச் சின்னம் எழுந்தது. அவள் மடித்த மிகச் சிறிய கொக்குகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் மடிப்புக்குத்தான் போகும். ஊசியால் மடித்திருக்கிறாள்.

சிறுவர் வாட்டில் வேலை செய்த ஆண்டுகளில் இந்த மடிப்பு எனக்கும் உதவியது. ஊசி போட்ட கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டிய பிள்ளைக்கு மற்றக் கையால் செய்ய ஒன்று வேண்டும். ஒற்றைக் கையால் கொக்கு வராது. ஆனால் நான் மடித்துக் கொடுத்த நான்கு துண்டுகளை ஒற்றைக் கையால் செருகிப் பூட்டலாம். பக்கத்துக் கட்டில் பிள்ளை மற்ற முனையைப் பிடித்தால் இன்னும் இலேசு. அங்கேதான் ஒரு பிரச்சினை வந்தது. ஃபுசேயின் நூலைப் பார்த்து மூடி செய்தேன், வந்தது. அடி செய்தேன். ஒருமுறை மூடி இறங்க மறுத்தது. அடுத்தமுறை தொளதொளவென்று கழன்றது. மேசையிலிருக்கும் ரீச்சரின் பெட்டியோ முப்பது வருடமாகத் திறந்து மூடியும் மெல்லிய மூச்சுச் சத்தத்தோடு இறங்கி நிற்கிறது. ரீச்சரைக் கேட்க வழியில்லை. மகளோடு தொரன்ரோவுக்குப் போய், அங்கேயே சில வருடங்களுக்கு முன் காலமானார்.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஸ்காபரோவிலிருந்து ஒருத்தி, "முதலில் மூலைக்கு மூலை" என்றாள். ஒஸ்லோவிலிருந்து ஒருத்தி, "இல்லையடி, முதலில் ஓரம்" என்றாள். மட்டக்களப்பில் கல்வித் திணைக்களத்தில் இருப்பவள், ரீச்சர் அடித்தாளுக்கு ஏதோ "சின்ன மோசடி" செய்யச் சொன்னதாக எழுதினாள். என்ன மோசடி என்று நினைவில்லை. இரவு ஒரு மணிவரை சண்டை. எல்லோருக்கும் ரீச்சரின் குரல் நினைவிருந்தது. மடிப்பு ஒருத்திக்கும் முழுவதும் நினைவில்லை.

பெட்டியைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதற்கு மனம் வரப் பல மாதம் ஆயிற்று. அந்தப் பெட்டி எனக்குக் கிடைத்தது எங்கள் ஓ.எல். பெறுபேறு வந்த 1998இல். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும், அடுத்த வருடம் சித்திரை, வைகாசியில் திரும்பி வந்து வகுப்பறைகளைக் கூட்டிக் கழுவியதும் உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வராதவர்களின் கதிரைகளைப் பின்னால் அடுக்கிவைத்துவிட்டு நாங்கள் முன்வரிசைகளில் இருந்து படித்தோம். ரீச்சர் அந்தக் காலத்தில்தான் வெண்டிக்காய் அச்சுக் குத்தத் தொடங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்திரசிகிச்சைக்கு விரிப்பதுபோல மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அடியின் ஒரு நாக்கை மட்டும் வெளியே எடுத்தேன். எந்த மடிப்பு முதலில் விரிகிறது என்று ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டு ஒரு தாளை முழுவதும் விரித்தேன். மோசடி தெரிந்தது. சதுரத்தை மடிக்கத் தொடங்குமுன்பே, அடுத்தடுத்த இரண்டு ஓரங்களை ரீச்சர் மிக ஒடுக்கமாக உள்ளே மடித்துவிட்டிருந்தார். பென்சிற் கோடு அப்படியே இருந்தது. அளந்தேன், 3 மில்லிமீற்றர். வெட்டிச் சிறிதாக்கியிருக்கலாம். வெட்டவில்லை. மடித்துவிட்டதால் சதுரமும் சிறிதானது, பெட்டியின் விளிம்பும் இரட்டைத் தாளாகி உறுதிப்பட்டது. கடதாசி அருமையான காலத்தில் 3 மில்லிமீற்றர் கீற்றைக்கூட எறியாத கை.

தாளின் உட்புறத்தில் எழுத்து இருந்தது. ரோனியோவில் அடித்தது. ஆண்டு 9, மூன்றாந் தவணைப் பரீட்சை, 1995, சமூகக்கல்வியும் வரலாறும். அந்தப் பரீட்சை நடக்கவேயில்லை. திரும்பி வந்தபோது அலுமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்திருக்க வேண்டும். ஒருபக்கம் வெறுமையான நல்ல தாள். ரீச்சர் அந்த வெறும் பக்கத்தில் பூக்குத்தி, எழுத்தை உள்ளே வைத்து மடித்திருக்கிறார். மூன்றாம் வினா தெளிவாகத் தெரிந்தது: ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஆண்டு எது? தெரிவு விடைகள் நான்கில் இரண்டு வெட்டில் போய்விட்டன.

படங்களைப் பின்னிருந்து முன்னாகப் பார்த்து, திரும்ப மடித்துச் செருக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. மற்ற ஏழு தாள்களையும் நான் விரிக்கவில்லை.

மடிக்க விரும்புவோர் எட்டுத் தாளையும் ஒரே அளவில் வெட்டுங்கள். ரீச்சரின் அளவு ஆறங்குலச் சதுரம். மூடிக்குரிய நான்கையும் ஃபுசேயின் நூலில் உள்ளபடி மடியுங்கள். அடிக்குரிய நான்கிலும், வேறெந்த மடிப்புக்கும் முன்பு, அடுத்தடுத்த இரண்டு ஓரங்களில் பென்சிலால் 3 மில்லிமீற்றருக்குக் கோடு கீறி உள்ளே மடித்துவிடுங்கள். தாள் தடிப்பானால் 4. மடிப்பை நகத்தால் அழுத்தாமல், ரீச்சர் செய்ததுபோல, அடிமட்டத்தின் ஓரத்தால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.